20,000 பாடங்களை உள்ளே வைத்துப் பூட்டிய பல்கலைக்கழகம்: பெர்க்லி நிகழ்வு ஆய்வு

2017 மார்ச் 1 அன்று கலிஃபோர்னியாவில் உள்ள பெர்க்லி பல்கலைக்கழகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. யூடியூபிலும் ஆப்பிளின் பாடத் தளமான ஐட்யூன்ஸ் யூவிலும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்த 20,000-க்கும் மேற்பட்ட வகுப்புப் பதிவுகள் மார்ச் 15 முதல் படிப்படியாக எடுக்கப்படும், அதன்பிறகு பல்கலைக்கழகக் கணக்கு உள்ளவர்கள் மட்டுமே அவற்றைப் பார்க்க முடியும். இயற்பியல், உயிரியல், கணினி, வரலாறு என்று ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பாடங்கள் அவை.

"காது கேளாத இரண்டு பேர் புகார் கொடுத்தார்கள், அதனால் உலகத்துக்கே பாடம் போச்சு" என்ற அளவில்தான் இந்தச் செய்தி பரவியது. நானும் முதலில் அப்படித்தான் கேள்விப்பட்டேன். விவரங்களைத் தேடிப் படித்தபோது கதை வேறாக இருந்தது. அதைவிட வியப்பு, இது நடந்த இடம். நடக்க முடியாத மாணவருக்கு ஒரு வளாகம் எப்படி வழிவிட வேண்டும் என்று அமெரிக்காவுக்கே காட்டிய ஊர் பெர்க்லி. அங்கே போய் இது எப்படி நடந்தது?

இரும்பு நுரையீரலோடு வந்தவர்

எட் ராபர்ட்ஸுக்கு 14 வயதில் போலியோ தாக்கியது. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எல்லாம் செயலிழந்துவிட்டது. இரவில் மூச்சு விடுவதற்கு இரும்பு நுரையீரல் என்ற பெரிய உருளை இயந்திரத்துக்குள் படுக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் சில ஆண்டுகள் வீட்டிலிருந்தபடியே தொலைபேசி இணைப்பு வழியாகப் பாடம் கேட்டார். ஆன்லைன் வகுப்பு என்று நாம் 2020-ல் பழகியதை அவர் 1950-களிலேயே பார்த்துவிட்டார். எல்லாம் முடித்த பிறகு, உடற்பயிற்சியும் கார் ஓட்டும் பயிற்சியும் முடிக்கவில்லை என்று சொல்லிப் பள்ளியில் சான்றிதழ் தர மறுத்தார்கள். அவருடைய அம்மா ஜோனா போய்ச் சண்டை போட்டுத்தான் வாங்கினார்.

1962-ல் அவர் பெர்க்லியில் சேர்ந்தார். இதுபோன்றவர்களை முன்பே சேர்த்துப் பார்த்தாயிற்று, சரிப்படவில்லை என்பதுதான் அங்கே இருந்த அதிகாரி ஒருவரின் முதல் பதில். இரும்பு நுரையீரலின் எடை சுமார் 360 கிலோ. அதைத் தாங்கும் விடுதி அறை வளாகத்தில் எங்கேயும் கிடையாது. வளாக மருத்துவமனையான கவலில் இயக்குநராக இருந்த ஹென்றி புரூயின், அங்கே ஒரு பகுதியை விடுதிபோல வைத்துக்கொள்ளலாம் என்று வழி சொன்னார். நோயாளியாக அல்ல, மாணவராகத் தங்குவது என்பதுதான் ஏற்பாடு. அடுத்த ஆண்டு, கைகால் செயலிழந்த இன்னொரு மாணவரான ஜான் ஹெஸ்லர் வந்தார். 1960-களின் முடிவில் அந்த மருத்துவமனை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தங்களுக்கு ரோலிங் குவாட்ஸ் (சக்கரத்தில் உருளும் கைகால் செயலிழந்தோர்) என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

ராபர்ட்ஸ் முதலில் தள்ளு நாற்காலியில்தான் போனார், பின்னால் எப்போதும் ஓர் உதவியாளர். மோட்டார் நாற்காலியை அவரால் இயக்கவே முடியாது என்று சொல்லியிருந்தார்கள். அப்புறம் அவருக்கு ஒரு காதலி வந்தார். மூன்றாவது ஆளைக் கூடவே வைத்துக்கொண்டு காதலிக்க முடியாது அல்லவா? கட்டுப்பாட்டுப் பிடியை அவருடைய விரலால் முன்னே தள்ள முடியவில்லை, ஆனால் பின்னால் இழுக்க முடிந்தது. ஆகவே பிடியைத் திருப்பி மாட்டினார்கள். இழுத்தால் வண்டி முன்னே போனது. வேலை அவ்வளவுதான்.

1970-ல் இந்த மாணவர்கள் அரசு நிதி வாங்கி வளாகத்துக்கென்று ஒரு சேவைத் திட்டத்தையே தொடங்கினார்கள். சக்கர நாற்காலி பழுதுபார்க்க ஆள், உதவியாளர்களின் பட்டியல், படி இல்லாத வாடகை வீடு தேடித் தருவது என்று வேலைகள் எல்லாம் அன்றாடத் தேவையிலிருந்து வந்தவை. நடத்தியவர்களும் அதே தேவை உள்ளவர்கள். இரவில் நாற்காலி நின்றுபோனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று எல்லோருக்கும் தெரியும். 1972-ல் இதே ஆட்கள் மாணவர் அல்லாதவர்களுக்கும் சேர்த்துத் தற்சார்பு வாழ்வு மையத்தைத் தொடங்கினார்கள். நடைபாதை விளிம்புகளைச் சரிவாக்கச் சொல்லி நகர மன்றத்தையும் நெருக்கினார்கள். வேலைக்கே லாயக்கில்லை என்று ராபர்ட்ஸை ஒருகாலத்தில் ஒதுக்கிய மாநில மறுவாழ்வுத் துறைக்கு 1975-ல் அவரே தலைவரானார்.

சட்டங்களும் பின்னாலேயே வந்தன. அரசுப் பணம் பெறும் எந்த நிறுவனமும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்றது 1973 மறுவாழ்வுச் சட்டத்தின் 504-வது பிரிவு. அதற்கான விதிகளில் நான்கு ஆண்டுகளாகியும் கையெழுத்து விழவில்லை. 1977 ஏப்ரல் 5 அன்று ஊனமுற்றோர் உரிமைப் போராளி ஜூடி ஹியூமன் உள்ளிட்ட சுமார் 150 பேர் சான் பிரான்சிஸ்கோ மத்திய அரசுக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஏப்ரல் 28-ல் கையெழுத்து வந்தது. 1990-ல் வந்த அமெரிக்க ஊனமுற்றோர் சட்டத்தின் இரண்டாம் தலைப்பு, அரசுப் பல்கலைக்கழகம் தரும் எல்லாச் சேவைகளுக்கும் இதை விரித்தது. பிறகு பெர்க்லியின் மேலேயே திரும்பிய சட்டம் இதுதான்.

கேமரா வைத்தார்கள், மைக் வைத்தார்கள்

2000-களின் தொடக்கத்திலிருந்தே பெர்க்லி தன் வகுப்புகளைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றிவந்தது. 2007-ல் முழுப் பாடங்களை யூடியூபில் கொடுத்த முதல் பல்கலைக்கழகம் என்ற பெயரும் அதற்கு வந்தது. 2012-ல் ஹார்வர்டும் எம்ஐடியும் தொடங்கிய எட்எக்ஸ் தளத்தில் சேர்ந்து, அங்கேயும் இலவசப் பாடங்கள் நடத்தியது. நல்ல காரியம், சந்தேகமே இல்லை.

ஆனால் பதிவு செய்த விதத்தைக் கொஞ்சம் பாருங்கள். அரங்கில் ஒரு கேமரா, ஆசிரியர் சட்டையில் ஒரு மைக், வகுப்பு முடிந்ததும் கோப்பு இணையத்துக்குப் போய்விடும். இடையில் மனிதக் கை படுவதே இல்லை என்பதால்தான் செலவு குறைவு. காது கேளாதவருக்கு அதில் கிடைத்தது, யூடியூப் தானாகப் போட்டுத் தரும் சப்டைட்டில் மட்டும். கூகுளில் வேலை பார்த்த, தாமே காது கேளாதவரான கென் ஹாரன்ஸ்டீன் முன்னின்று 2009-ல் அறிமுகமாக்கிய வசதி அது. ஒன்றுமே இல்லாததற்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் பாடத்துக்குப் போதுமா? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 150 சொல் வீதம் 50 நிமிட வகுப்பில் 7,500 சொற்கள். நூற்றுக்கு 95 சரியாக வந்தாலும் 375 சொற்கள் தவறு. அந்தத் தவறுகள் பரவலாக விழுவதும் இல்லை. நொதியின் பெயர், தேற்றத்தின் பெயர் என்று எந்தச் சொல்லைக் கற்றுக்கொள்ள வந்தோமோ அதிலேயே போய் விழும்.

பார்வையற்றவரின் சிக்கல் வேறு. கரும்பலகையில் எழுதிக்கொண்டே "இதை இங்கே கொண்டு வந்தால் அது போய்விடும், பார்த்தீர்களா?" என்று ஆசிரியர் சொல்வார். கேட்பவருக்கு எது எங்கே வந்தது, எது போனது என்று ஒன்றும் புரியாது. இதைச் சரிசெய்யப் பணமே வேண்டாம். "இரண்டு பக்கமும் எக்ஸால் வகுத்தால் வலப்பக்கம் ஒன்று மிஞ்சும்" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். பின்வரிசையில் உட்கார்ந்து பலகை தெரியாமல் குறிப்பெடுக்கும் மாணவனும் கும்பிடுவான்.

2014 அக்டோபரில் புகார் போனது. கொடுத்தது தேசியக் காது கேளாதோர் சங்கம், வாஷிங்டனில் உள்ள காலாடெட் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த இருவர் சார்பாக. 1864-லிருந்து காது கேளாதோருக்காகவே இயங்கிவரும் பல்கலைக்கழகம் காலாடெட். இருவரும் பெர்க்லியின் பாடங்களைப் படிக்க விரும்பினார்கள், முடியவில்லை. அமெரிக்க நீதித்துறை (நீதிமன்றம் அல்ல, மத்திய அரசின் ஒரு துறை) பாடங்களை மாதிரிக்கு எடுத்துப் பார்த்துவிட்டு 2016 ஆகஸ்ட் 30 அன்று பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியது. சப்டைட்டில் இல்லாத வீடியோக்கள், இருந்தும் புரியாத தானியங்கி சப்டைட்டில்கள், காட்சியை விவரிக்கும் குரல் இல்லாத பாடங்கள், பின்னணியோடு கலந்துபோகும் மங்கல் எழுத்துகள், மவுஸ் இல்லாமல் விசைப்பலகையால் மட்டும் இயக்க முடியாத பக்கங்கள், பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானுக்குப் பிடிபடாத ஆவணங்கள் என்று குறைகள் நீண்டன.

கடைசியாகச் சொன்ன ஆவணக் குறையை மட்டும் தமிழ் வாசகருக்கு நான் விளக்கவே வேண்டாம். திரைவாசிப்பான் படத்தை வாசிக்காது, எழுத்தைத்தான் வாசிக்கும். ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிய தேர்வு அறிவிப்பைத் திறந்தால், பக்கம் காலி என்றுதான் அதற்குப் படும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய சுற்றறிக்கை இன்னும் வேடிக்கை. நம் கண்ணுக்கு 'தமிழ்' என்று தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் "ஜே கே பி ஓ" என்று படிக்கும். யூனிகோடில் அடித்த கோப்பில் இந்தத் தொல்லை இல்லை.

மூடச் சொன்னது யார்?

நீதித்துறை மூடச் சொல்லவில்லை. புகார் கொடுத்தவர்களும் கேட்கவில்லை. பாடங்களைப் படிக்கும்படி ஆக்குங்கள் என்பதுதான் கோரிக்கை. மூடுவது பெர்க்லி தானே எடுத்த முடிவு. கடிதம் வந்த அடுத்த மாதமே, இப்படி ஒரு நிலைமை வரலாம் என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. புதிய வகுப்புப் பதிவுகளைப் பொதுவில் போடுவதை அதற்கு முன்பே, 2015-ல், செலவைக் காரணம் காட்டி நிறுத்தியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பணக் கஷ்டம் பொய்யில்லை. 2016-ல் அந்த வளாகத்தின் பற்றாக்குறை 15 கோடி டாலர். சப்டைட்டிலுக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று நானே ஒரு தோராயக் கணக்கு போட்டேன். பதிவு ஒன்று 50 நிமிடம் என்று வைத்தால் 20,000 பதிவுகளுக்கு 10 லட்சம் நிமிடங்கள். நிமிடத்துக்கு 1 டாலருக்கு எழுதித் தரும் நிறுவனங்கள் அப்போது சந்தையில் இருந்தன. ஆக, அடிமட்ட விலையிலேயே 10 லட்சம் டாலர். துறைச் சொற்களைச் சரிபார்க்கவும் காட்சி விவரிப்புக்கும் சேர்த்தால் அது பல மடங்காகும். பற்றாக்குறையில் தவிக்கும் நிர்வாகி, யாரும் கட்டணம் கட்டாத பத்தாண்டுப் பழைய வீடியோவுக்கு இந்தத் தொகையில் கையெழுத்துப் போடத் தயங்கினால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இதையே வேறு விதமாகவும் கணக்குப் பார்க்கலாம். ஒரு வகுப்புக்கு 50 டாலர். 28 வகுப்பு உள்ள ஒரு பாடத்துக்கு 1,400 டாலர். பதிவு செய்த அந்தந்தப் பருவத்திலேயே செய்திருந்தால் இது கேமரா வாடகையோடு போகிற செலவு. பதினைந்து ஆண்டு சும்மா இருந்துவிட்டு ஒரே ரசீதாகப் பார்க்கும்போதுதான் மலைப்பு. தாங்க முடியாத சுமை என்று பல்கலைக்கழகம் நிரூபிக்கவில்லை என்று நீதித்துறை எழுதியதும் சும்மா இல்லை. சட்டப்படி ஒரு திட்டத்தின் பையை மட்டும் பார்க்க முடியாது, மொத்த நிறுவனத்தின் வரவு செலவையும் பார்க்க வேண்டும்.

ஆனால் பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. பெர்க்லியில் படிக்கும் மாணவருக்கு ஏற்பாடு இருந்தது. ஊனமுற்ற மாணவர் அலுவலகத்தில் பதிந்துகொண்டால் அவருடைய பாடத்துக்குச் சப்டைட்டிலோ, வாசிக்கக்கூடிய புத்தகமோ செய்து தருவார்கள். 2013-ல் ஊனமுற்றோர் உரிமை வழக்கறிஞர் அமைப்பு ஒன்றோடு பல்கலைக்கழகம் வழக்கில்லாமலே ஓர் ஒப்பந்தம் செய்தது. அதன்படி பாடநூல் சராசரியாக 10 வேலை நாளில், பாடத் தொகுப்பு 17 வேலை நாளில் கையில் கிடைக்க வேண்டும். நல்ல ஏற்பாடு, ஆனால் அதன் அடிப்படை 'கேட்டால் செய்வோம்' என்பது. கேட்கிற ஆளுக்கு ஒரு மாணவர் எண் வேண்டும்.

இணையத்தில் பாடம் பார்க்கிறவருக்கு அந்த எண் கிடையாது. காலாடெட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எந்தக் கதவைத் தட்டுவார்? இணையப் பாடங்களுக்கு வழிகாட்டுக் குறிப்புகள் இருந்தன, உதவிக்கு ஆட்களும் இருந்தார்கள். ஆனால் பின்பற்றுவதும் விடுவதும் அந்தந்தப் பாடக் குழுவின் பாடு. ஏற்றுவதற்கு முன் சரிபார்த்து, இது போகக் கூடாது என்று நிறுத்தும் அதிகாரம் உள்ளவர் என்று யாரும் இல்லை. சாய்தளத்தை யாரும் கேட்டபிறகு கட்டுவதில்லை, கட்டடத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தை நாட்டுக்கே கற்றுக்கொடுத்த வளாகம், சப்டைட்டில் விஷயத்தில் மட்டும் கேட்டபிறகு செய்யும் பழைய வழக்கத்திலேயே நின்றுவிட்டது.

இப்படிப் பார்த்தால் 2017 முடிவின் தர்க்கம் விளங்குகிறது. கணக்குப் பூட்டுக்குள் பாடங்களைக் கொண்டுபோய்விட்டால், பார்க்கிற எல்லோருக்கும் மாணவர் எண்ணோ பணியாளர் எண்ணோ இருக்கும். கேட்டால் செய்வோம் முறை மறுபடி வேலை செய்யும். நிர்வாகத்துக்கு அது ஒழுங்கான தீர்வு. வெளியே இருந்தவர்களுக்கு, காது கேட்பவர் கேளாதவர் எல்லோருக்கும் ஒரே அளவாக, கதவு மூடியது.

மூடாமலும் முடிந்திருக்கும்

பெர்க்லி மீது புகார் கொடுத்த அதே தேசியக் காது கேளாதோர் சங்கம் 2015 பிப்ரவரியில் ஹார்வர்டு மீதும் எம்ஐடி மீதும் சப்டைட்டில் கேட்டு வழக்குத் தொடர்ந்தது. இரண்டு பல்கலைக்கழகங்களும் ஆண்டுக்கணக்கில் வாதாடின. ஹார்வர்டு 2019 நவம்பரிலும் எம்ஐடி 2020 பிப்ரவரியிலும் சமரசத்துக்கு வந்தன. புதிதாகப் போடும் வீடியோக்களுக்குத் தரமான சப்டைட்டில் போட வேண்டும், சப்டைட்டில் இல்லாத பழையதை யாராவது கேட்டால் ஹார்வர்டு 5 வேலை நாளுக்குள் செய்து தர வேண்டும் என்று உடன்பாடு. கவனியுங்கள், கேட்டால் செய்யும் முறையேதான் இங்கேயும் பழைய வீடியோக்களுக்கு. ஆனால் கேட்பதற்கு மாணவர் எண் தேவையில்லை. பெர்க்லியும் 2016-ல் இந்த வழியைக் கேட்டு வாங்கியிருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

பெர்க்லியின் கணக்கு தீர 2022 ஆனது. அந்த நவம்பரில் நீதித்துறையும் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்ட ஆணை நீதிமன்றத்துக்குப் போனது, டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. மூன்றரை ஆண்டுக் காலம் அதற்கு. எட்எக்ஸ் பாடங்கள், பல்கலைக்கழக இணையதளங்கள், யூடியூப் சேனல்கள், பாட்காஸ்டுகள் எல்லாம் அதற்குள் வந்தன. பட்டமளிப்பு விழா வீடியோவும் விளையாட்டுப் போட்டி வீடியோவும்கூடத் தப்பவில்லை. கொள்கையைத் திருத்த வேண்டும், பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், வெளித் தணிக்கையாளர் ஒருவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். இணைய அணுகலுக்குப் பொறுப்பாக ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும் என்ற வரியைப் படித்தபோது எனக்கு 1970-ன் அந்த நாற்காலி பழுதுபார்ப்பவர்தான் நினைவுக்கு வந்தார்.

2024 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை இதைத் தனி வழக்குகளில் விடாமல் பொது விதியாகவே ஆக்கியது. மாநில, உள்ளாட்சி அமைப்புகளின் இணையதளங்களும் செயலிகளும் டபிள்யூசிஏஜி 2.1 என்ற இணைய அணுகல் நெறிமுறையின் ஏஏ என்ற நடு நிலைக்கு வர வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களும் அதில் அடக்கம். மங்கல் எழுத்துப் பிரச்சினைக்குக்கூட அதில் அளவுகோல் உண்டு: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 ஒளிர்வு வேறுபாடு. கண்ணை இடுக்கிப் பார்த்து 'பரவாயில்லை, தெரியுது' என்று சொல்லி ஒப்பேற்ற முடியாது.

நம் நாட்டிலும் விவாதம் இதே இடத்துக்கு வந்திருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கட்டடத்தையும் தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே பேசுகிறது. ஆனால் விதிகளில் பலவும் வெறும் பரிந்துரையாக எழுதப்பட்டிருந்தன. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டத்துக்கான விதிகளில் அணுகல் தரங்களைச் சொல்லும் 15-வது விதி சட்டத்துக்கே முரண் என்றது. குறைந்தபட்சத் தரங்களைக் கட்டாயமாக்கி மூன்று மாதத்தில் விதி வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30 தீர்ப்பில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவதையும் அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையோடு சேர்த்தது. வங்கிக்கான கேஒய்சி என்ற வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்டச் சொல்லும் செயலி, அமில வீச்சில் கண் பாதிக்கப்பட்டவரை என்ன செய்யும் என்பதிலிருந்து எழுந்த வழக்கு அது.

பெர்க்லி எடுத்த அந்த 20,000 பதிவுகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். பூட்டு விழுவதற்குள் எல்பிஆர்ஒய் என்ற கோப்புப் பகிர்வு சேவையினர் அவற்றை நகலெடுத்துத் தங்கள் வலையமைப்பில் போட்டுவிட்டார்கள். அறிவைக் காப்பாற்றிவிட்டோம் என்று அப்போது பெரிய கொண்டாட்டம். நகல் என்றால் அப்படியே நகல்தான். சப்டைட்டில் இல்லாதது இல்லாமலே போனது, "இதை இங்கே கொண்டு வந்தால் அது போய்விடும்" என்பதும் அப்படியே போனது. அவற்றுக்குச் சப்டைட்டில் வேண்டும் என்று காலாடெட்டிலிருந்து ஒருவர் இன்று கேட்க நினைத்தால், தட்டுவதற்குப் பெர்க்லியின் கதவுகூட இல்லை.